வெறும் வயிற்றில் ஒன்று

ஜனவரி 9, 2025

மூன்று மாதமாக இருமுகிறேன். இருபத்தாறு வருஷமாக அருப்புக்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன் இருமலுக்கெல்லாம் டாக்டரிடம் போவதா? நானே மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்த்தேன். அலமாரிதான் காலியானது. சளியில் டிபி இல்லையென்று இரண்டு தடவை வந்த பிறகு கோகிலா என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டிக்கொண்டவளுக்கு அந்த உரிமை உண்டு. அங்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலிலிருந்து துளி சதை எடுத்தார்கள்.

இன்று முடிவு வந்தது. பூஞ்சை நிமோனியா. அபூர்வமான வகையாம். டாக்டர் சுவாதி வருஷத்துக்கு ஒன்று பார்த்தாலே அதிகமாம். சொல்லும்போது அந்தப் பெண் முகத்தில் ஒரு சந்தோஷம்! எனக்கும் லேசாகப் பெருமையாகத்தான் இருந்தது.

"வௌவால் எச்சம் கெடக்குற இடத்தில ஏதும் வேலை பார்த்தீங்களா பொன்ராஜ் சார்?"

பார்த்தேன். கடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய பஞ்சு குடோனை, ஆள் வைக்காமல் நானே கூட்டினேன். கஞ்சத்தனம் என்றாள் கோகிலா. டாக்டர் முன்னாலேயே சொன்னாள்.

ஒரு வருஷம் மாத்திரை. காலையும் ராத்திரியும், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு. வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்றார். சுகர் மாத்திரை மட்டும் என்றேன்.

ஜனவரி 12

ஆரம்பித்தாயிற்று. எழுந்ததும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. அப்புறம் இட்லி. அப்புறம் பூஞ்சை மாத்திரை. கேஸ் மாத்திரையை டாக்டர் எழுதவில்லைதான் – எழுதினால்தானா? என் கடையிலிருந்து எந்த மாத்திரையும் அதன் துணையில்லாமல் படியிறங்கியதில்லை. அதையெல்லாம் மருந்து என்றா சொல்வார்கள்?

ஜனவரி 27

காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 3

மதுரை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஏறவே இல்லை.

"உண்மையைச் சொல்லுங்க சார். மாத்திரை போடுறீங்களா, இல்லையா?"

என்னைப் பார்த்து! காலி அட்டைகளை எடுத்துக் காட்டினேன். டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோகிலாவும் அதே மாதிரி பார்த்தாள்.

மூன்று வாரத்தில் ஏறவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக வேறு மருந்து ஏற்ற வேண்டும். அது கிட்னியைக் கெடுக்கலாமாம். ஏற்கெனவே சுகர்க்காரன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், வாயால் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 6

மாத்திரை போலி என்று முடிவு கட்டினேன். கம்பெனிக்காரனைக் கிழி கிழியென்று கிழித்து லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு குற்றம் கண்டுபிடிக்கலாமே என்று டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தேன். இத்தனை வருஷத்தில் பிரித்தது இதுவே முதல் தடவை. பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

இந்த மாத்திரை கரைய வயிற்றில் அமிலம் வேண்டுமாம். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் கூடப் போட்டால் இது உடம்பில் சேராதாம்.

அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை – அட கிறுக்குப்பயலே. கேஸ் மாத்திரைடா அது!

லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 7

கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. மாத்திரை போடாத சண்டிப்பயல் என்று டாக்டர் நினைத்தால் நினைக்கட்டும். மெடிக்கல் கடைக்காரனுக்கே மாத்திரை போடத் தெரியவில்லை என்று ஊர் சிரித்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 11

நெஞ்சு எரிகிறது. மானத்துக்காக எரிகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 24

மருந்து ஏறிவிட்டது! காய்ச்சலும் இல்லை. "இப்பத்தான் சார் ஒழுங்கா போடுறீங்க" என்று டாக்டர் பாராட்டினார். திருந்தியவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். காரியாபட்டி தாண்டியதும் கோகிலா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்புட்டு மாத்திரையையும் எந்தச் சாக்கடையில போட்டீக?"

"சாக்கடையா?" என்றேன்.

"என்னைய விட்டுட்டுப் போய்ச் சேந்துருவோம்னு நெனச்சீகளோ? அப்படி என்ன கொறை வச்சேன்?"

ஐயோ. மூணு வாரமா இத நெனச்சுக்கிட்டா எனக்கு இட்லி வச்சா? நான் என் மானத்தைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன். சொல்லிட்டேன். கேஸ் மாத்திரை, லெட்டரு, பூதக்கண்ணாடி – எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஊர் வருவதற்குள் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"நானும் கேஸ் மாத்திரைன்னு பேரைச் சொல்லியே கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். தங்கமான பெண்.

மார்ச் 3

பாலவனத்தம் தங்கபாண்டி டாக்டர் சீட்டோடு வந்தார். சீட்டில் கேஸ் மாத்திரை இல்லை, டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "கேஸ் மாத்திரை குடுக்காத கடையெல்லாம் ஒரு கடையா?" என்று எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

மார்ச் 4

கோகிலா இரண்டு வேளையும் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கையும் தூக்க வேண்டும்.

"அதான் பஸ்ஸுல எல்லாத்தையும் சொன்னேன்ல?"

"சொன்னீக. இருந்தாலும் தொறங்க."

மே 19

ஸ்கேன். நுரையீரலில் இருந்த வெள்ளைத் திட்டு பாதியாகச் சுருங்கியிருக்கிறது. எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது.

ஜூலை 2

காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு போய் கோகிலா முன்னால் நின்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஈ போயிரப் போகுது. வாய மூடுங்க."