சேவல் இல்லாத வீட்டு முட்டை

வளப்பூர் நாடு,
தாரண வருஷம், ஆவணி மாதம்.

சிரஞ்சீவி அர்த்தனாரிக்கு அப்பன் சென்றாயன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் கண்ணாயியும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை ஓடவில்லை. உன் சுகம் எங்களுக்குத் தெரிந்தது சித்திரையோடு சரி. அஸ்ஸாமில் பட்டாளத்துக்கு ரோடு போடுகிறவனுக்கு ஒரு கார்டு எழுதப் பொழுது கிடைக்காதா என்று எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

போன கடிதத்தில் எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன். மாசியில் லீவு முடிந்து நீ மலை இறங்கிய மறுநாளே உன் பெண்டாட்டி கண்ணாயி பெரியசாமி கோயிலுக்குப் போய், நீ திரும்பி வந்து வாசல் மிதிக்கும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போது அவளுக்கே தெரியாது, இப்போது ஏழாம் மாதம். முகமெல்லாம் வெளுத்து, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. டோலி கட்டி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். டாக்டரம்மாள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, கறி வேண்டாமென்றால் முட்டையாவது கொடுங்கள், இப்படியே விட்டால் பிரசவத்தைத் தாங்கமாட்டாள் என்று என்னைப் பிடித்துத் திட்டினாள். இதை நான் எங்கே போய்ச் சொல்வது, முட்டையும் கவிச்சிதான் என்கிறாள் கண்ணாயி.

உன் சித்திரைக் கடிதத்தில், பட்டாளத்துச் சமையற்காரன் தக்காளியை வதக்கி முட்டை உடைத்து ஊற்றிச் சைவ வரிசைக்கும் அதையே போடுகிறான், கேட்டால் முட்டை சைவம் என்கிறான் என்று சிரித்து எழுதியிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டேன். நம் வீட்டுச் சேவலைக் கோடையிலேயே நரி தூக்கிப் போய்விட்டது. அதன்பிறகு பெட்டையை அடை வைத்தோம், ஒரு குஞ்சும் பொரிக்கவில்லை, அத்தனையும் கூமுட்டை. உயிரே இல்லாத முட்டைக்கும் பாலுக்கும் என்ன வித்தியாசம் என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன், அவரும் யோசித்து, குற்றமில்லை என்றுவிட்டார். ஓடி வந்து சொன்னால், வேண்டிக்கிட்டது நான் சாமிகிட்டங்க மாமா, பூசாரிகிட்ட இல்லீங்க என்கிறாள். உன் அம்மா அவள் கட்சி. அடுப்பங்கரைச் சட்டியில் முட்டை படக்கூடாது என்று என்னை வெளியே விரட்டினாள்.

நானும் விடவில்லை. வாசலில் மூன்று கல் கூட்டி, புதுச் சட்டி வைத்து, நீ ஊன்றிவிட்டுப் போன சீமைத்தக்காளியில் பழுத்ததாகப் பறித்து, கொல்லை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுச் சுருள வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, நம் மிளகை நுணுக்கித் தூவினேன். பிறந்ததிலிருந்து கரண்டி பிடிக்காதவன் செய்தது, அடி கொஞ்சம் தீய்ந்தது, ஆனாலும் வாசம் தெருக்கோடி வரை போனது. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியதை என் கண்ணால் பார்த்தேன். சோற்றில் பிசைந்து எதிரில் வைத்தேன். அவள் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துச் சொன்னாள்:

“உங்க மவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லி, மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்புடுங்க மாமா. நானும் சாப்புடறேன்.”

இதென்ன பெரிய காரியம் என்று ஒரு கவளம் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது கண்ணு. நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. எதை நம்பி அந்த வார்த்தையைச் சொல்வேன். கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். உன் அம்மா தட்டை எடுத்துப் போய் நாய்க்கு வைத்தாள். பூசாரி, சேவல், கூமுட்டை என்று இத்தனை நாள் நான் பேசியதெல்லாம் அதோடு போயிற்று. எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை, அவள்மேல் இல்லை.

பெரியசாமி உனக்குத் துணையிருந்து, காயமில்லாமல் காய்ச்சலில்லாமல் காப்பாற்றட்டும். மழையில் நனைந்த துணியோடு படுக்காதே. மறந்துவிடாமல், உயிரோடு இருக்கிறேன், முட்டை சாப்பிடு என்று அவள் பேருக்கு உன் கைப்பட ஒரு வரி எழுதிப் போடு. புதுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உன் கார்டு வந்த அன்றைக்கு, முதல் வாயை நான் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்
சென்றாயன்