கூடவே குடியிருந்தால்தான்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

நாளிதழில் ஒரு செய்தி படித்தேன். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான வருமான வரிச் சலுகை, இந்த வருஷம் முதல் பிள்ளை கூடவே குடியிருந்தால்தான் உண்டாம். என்னைப் போன்ற விடுதிப் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்களாம். அறைத் தோழியிடம் சொன்னேன். "அப்போ உங்கம்மாவுக்கு நீ பொண்ணே இல்லையாடி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நீ ஞாயிற்றுக்கிழமையும் தையல் கம்பெனிக்குப் போவது அந்தச் சலுகை போனதால்தானே? போனில் கேட்டால், "சும்மா, பொழுது போகலைடி" என்கிறாய்!

உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நான் வீட்டுக்கே வந்து அங்குள்ள பள்ளியில் சேர்ந்துவிடட்டுமா? வேண்டாம் என்றுதான் எழுதுவாய். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுது, அம்மா. சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உன் குட்டி