டிக்கி மேல் பொட்டு

ஜூலை 6, வியாழன்

காலையில் வெயில், நாலு மணிக்குத் தூறல். கொடியில் துணி நனைந்துவிட்டது.

தம்பி கோபு ஜெர்மனியிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. கார் டிக்கி மேல் பொருத்தும் நீளமான கறுப்புப் பலகை. ஸ்பாய்லர் என்று பெயர். வேகத்தில் காற்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்காமல் அமுக்கும். கூடவே நாலு போல்ட், ஒரு துண்டுக் கடிதம்: "அக்கா, நீ ஓட்டுற வேகத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்."

இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, ஊஞ்ச பலகையா?"

சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து போன். என் கணவருடைய அண்ணா. அதற்குள் யார் சொன்னார்களோ. "சங்கரன் போய் மூணு வருஷம்கூட ஆகலை. நீ வண்டிக்கு வால் வெச்சிண்டு ஊரைச் சுத்தினா நாலு பேர் என்னம்மா சொல்லுவா?"

வண்டி என் பெயரில். ஓட்டுவது நான். நாலு பேருக்கு என்ன வந்தது? கேட்கவில்லை. "சரிண்ணா" என்றேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 7, வெள்ளி

தேனாம்பேட்டை ஒர்க் ஷாப். மெக்கானிக் கன்னியப்பன்.

"ஐயா வர்லியாம்மா?"

"ஐயா இல்லை."

"வெளியூரா?"

வேலையை மட்டும் சொன்னேன்:

1. டிக்கியைப் பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைக்கணும்.
2. நாலு ஓட்டை. ஓரத்தில் பெயிண்ட், துரு ஏறாமல்.
3. உள்ளே தகடு கொடுத்து போல்ட் முடுக்கணும். டிக்கித் தகரம் மெல்லிசு, கிழியும்.

தலையை ஆட்டினார். பாதியில் வேறு வண்டியைப் பார்க்கப் போனார். பத்து வருஷமாகக் கல்லூரியில் பௌதிகம் சொல்லித்தருகிறேன். கடைசி பெஞ்ச் இதைவிடக் கவனிக்கும். வெள்ளிக்கிழமைப் பூஜை. நின்ற வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். என் டிக்கியிலும் இரண்டு பொட்டு.

சாயங்காலம் போனால் ஓட்டையே போடவில்லை. பசை!

"வெள்ளிக்கிழமை அதுவுமா வண்டியில ஓட்டை போடுவாங்களாம்மா? யானை கட்டி இழுத்தாலும் வராது, ஒட்டிகீது."

பொட்டைக் காணோம். துடைத்துவிட்டுத்தான் ஒட்டியிருப்பார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை போல்ட் போடுவதாகப் பேச்சு.

ஜூலை 8, சனி

கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டம். அழகாக இருக்கிறது, வால். ரொம்ப நாளைக்கப்புறம் தனியாகச் சிரித்தேன்.

காபிப்பொடி. விடைத்தாள் 22 பாக்கி.

ஜூலை 10, திங்கள்

அடையாறு பாலத்தில் பின்னால் படார் என்று சத்தம். பலகை பறந்துபோய், கீரைக் கூடையோடு வந்த ஒரு சைக்கிள்காரரின் முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒரு சாண்! "யக்கா, உன் வண்டி வாலு பிச்சிக்கினு வந்துச்சு பாரு!" பாவம், திட்டக்கூட இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். முதல் கேள்வி: "வீட்டுக்காரர் எங்கம்மா?"

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பசை நடுவே இரண்டு வட்டம், மஞ்சளும் சிவப்புமாக. பொட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறார். சந்தனத் தூளைத்தான் பசை பிடித்துக்கொண்டிருக்கிறது, தகரத்தை அல்ல.

நேரே தேனாம்பேட்டை. கத்தினேன். தெருவே பார்த்தது.

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாம்மா. ஆனா வெச்ச பொட்டை எப்பிடிம்மா அழிக்கிறது? பொம்பளை ஓட்ற வண்டி வேற. எனுக்குக் கை வர்ல."

வண்டிப் பொட்டுக்கு ஒருத்தருக்குக் கை வரவில்லை. இவர் போன பத்தாம் நாள் மயிலாப்பூர் வீட்டில் என்னை உட்கார வைத்து நெற்றியைத் துடைத்தார்களே, ஒருத்திக்காவது கை கூசியதா? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நானும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

லீவு போட்டேன். புழுக்கம்.

டிக்கியில் மிச்சமிருந்த சந்தனத்தை நானே பெட்ரோலில் துடைத்தேன். அளவு நானே குறித்தேன். கன்னியப்பன் டிரில் பிடித்தார். பெயிண்ட், தகடு, வாஷர், போல்ட். நாலு நட்டையும் நானே முடுக்கினேன். பலகையைப் பிடித்து இழுத்தேன். வண்டிதான் ஆடியது, பலகை ஆடவில்லை.

சந்தனத் தட்டை நீட்டினார். "நீயே வெச்சிடும்மா."

பலகை மேல் வைத்தேன். விரலில் குங்குமம் மீதி இருந்தது. பக்கக் கண்ணாடியில் குனிந்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். கன்னியப்பன் பார்த்துவிட்டு, விரல் துடைக்கத் துணி நீட்டினார்.

வீட்டுக்கு நேர் வழியில் போகவில்லை. மயிலாப்பூர் போய், அண்ணாவின் தெருவில் இரண்டு தடவை, மெதுவாக.