ஒரே அளவு இருக்கைக்கு நான்கு வகுப்புகள்

அனுப்புநர்
இசோமுரா தொகிக்கோ (வயது 63),
ஓய்வுபெற்ற பேருந்து நிறுவன ஊழியர்,
மாட்சுயாமா நகரம், எஹிமே மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பயணியர் குறைகேட்பு அலுவலகம் (உள்நாட்டு விமானச் சேவை),
டோக்கியோ.

பொருள்: மாட்சுயாமா – ஃபுகுவோகா விமானத்தில் இல்லாத வகுப்புகளுக்குப் பெயர் சூட்டிப் பயணச்சீட்டு விற்பது – அதனால் என் கணவர் தம் அக்காவின் எலும்பெடுப்புச் சடங்கைத் தவறவிட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: குரோஷியோ வான்வழி நிறுவனம் எனக்கு அனுப்பிய, அக்டோபர் 24 தேதியிட்ட விளக்கக் கடிதம் (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா,

1. முப்பத்தொரு ஆண்டுகள் இந்நகரப் பேருந்து நிறுவனத்தில் வழித்தடப் பலகைகளும் நேர அட்டவணைகளும் எழுதும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். பலகையில் ஓர் ஊரின் பெயர் இருந்தால் வண்டி அந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற எளிய விதிக்குள்ளேயே என் பணிக்காலம் கழிந்துவிட்டது. விமானத் துறை இந்த விதியைத் தாண்டி வெகுதூரம் முன்னேறிவிட்டதை அண்மையில்தான் அறிந்தேன். எப்படி அறிந்தேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

2. என் கணவர் இசோமுரா மொரியோ (67) கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கிரேன் ஏணியிலிருந்து விழுந்து வலது முழங்கால் நொறுங்கியது. மருத்துவர்கள் எலும்போடு எலும்பை வைத்து இணைத்து, காலை நிரந்தரமாக நேராக்கிவிட்டார்கள். அந்தக் கால் மடங்காது. அப்போது அவருடைய அக்கா இனோகுச்சி யாசுயோ ஃபுகுவோகாவிலிருந்து கிளம்பி வந்து ஏழு வாரம் எங்களுடன் தங்கினார். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் அவர்தான் இருந்தார். சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தம்பியை, "கால்தானேடா போச்சு, வாய் நல்லாத்தானே இருக்கு? எந்திரிச்சுத் தின்னு" என்று அதட்டி எழுப்பி உட்கார வைத்தவர் அவர்.

அந்த அக்கா கடந்த அக்டோபர் 12, ஞாயிறு மாலை காலமானார். செவ்வாய் பகல் பதினொன்றரைக்கு இறுதிச் சடங்கு, ஒன்றரைக்குத் தகனக்கூடத்தில், எரிந்த எலும்புகளைக் குடும்பத்தார் கலயத்தில் எடுத்து வைக்கும் எலும்பெடுப்பு என்று முடிவாயிற்று. உடன்பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவர் என் கணவர் ஒருவரே. "மாமா, முதல் எலும்ப நீங்களும் நானும் சேர்ந்துதான் எடுக்கணும். அம்மா அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க" என்று அக்காவின் ஒரே மகள் ரியோக்கோ தொலைபேசியில் சொன்னார்.

3. காலை ஆறு மணி ரயிலைப் பிடித்தால் பதினொன்றுக்குள் ஃபுகுவோகா போய்விடலாம். பலமுறை போயிருக்கிறோம். பெட்டியின் முதல் வரிசையில் இடம் கேட்டு வாங்கினால் காலை நீட்ட வசதியுண்டு. ஆனால் ஒகாயாமாவில் வண்டி மாற வேண்டும்; அவர் முந்தைய இரவு முழுக்கத் தூங்கவில்லை. ஆகவே விமானத்தில் போகலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என்னுடையது. அதை எவர் தலையிலும் நான் கட்டவில்லை.

குரோஷியோ வான்வழி நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கத்தில் நான்கு வகுப்புகள் இருந்தன: எகானமி பிளஸ், பிரீமியம், பிசினஸ், முதல் வகுப்பு. நாற்பத்தைந்து நிமிடம் பறக்கும் விமானத்தில் நான்கு வகுப்பா என்று சந்தேகப்பட்டேன். எனவே நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, "எங்க வீட்டுக்காரருக்கு வலது கால் மடங்காதுங்க. நேரா நீட்டித்தான் உட்காரணும். எந்த வகுப்பு எடுக்கணும்?" என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய ஊழியர் மிக மரியாதையாகப் பதில் சொன்னார்: "முதல் வகுப்பே எடுத்துடுங்கம்மா. அதுக்கு மேல எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல."

நான் இரண்டு முதல் வகுப்புச் சீட்டுகள் எடுத்தேன். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக முதல் வகுப்பில் போகிறார் என்பதால், கருப்பு கோட்டுக்கு இஸ்திரியும் போட்டேன்.

4. செவ்வாய் காலை 9.20 விமானம். முதல் வகுப்புப் பயணிகள் முதலில் ஏறலாம் என்று அழைத்தார்கள். ஏறினோம். உள்ளே பதினேழு வரிசை, வரிசைக்கு நான்காக அறுபத்தெட்டு இருக்கைகள். அத்தனையும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இடைவெளி. திரை இல்லை, தடுப்பு இல்லை. இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களைப் போலவா, கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலவா முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் நடுவழியில் நின்றோம். என் கணவர் தம் இருக்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதல் வகுப்புன்னா ஒண்ணாங் கிளாஸ் போல இருக்கு தொகிக்கோ. பெஞ்சும் அந்தப் பசங்க அளவுக்குத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

காலை முன் இருக்கைக்கு அடியில் நுழைக்க முயன்றோம், நுழையவில்லை. நடைவழியில் நீட்டினால் விதி அனுமதிக்காது. காலுக்கு இடமுள்ள ஒரே வரிசை அவசரக் கதவருகே இருந்தது. ஆபத்தில் ஓடி உதவக்கூடியவர்கள் மட்டுமே அங்கே உட்காரலாம் என்பதும் விதி. இந்த இரண்டு விதிகளும் நியாயமானவை. அவற்றின்மீது எனக்குப் புகார் இல்லை. விமானப் பணிப்பெண் ஓனிஷி என்பவர் மண்டியிட்டு அமர்ந்து, என் கணவரின் காலைத் தம் கையில் தாங்கி, நான்கு இருக்கைகளில் மாற்றி மாற்றி முயன்று பார்த்தார். விமானம் நிறைந்திருந்தது. கடைசியில், "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. உங்கள இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்தப் பெண் மேல் எந்த நடவடிக்கையும் கூடாது என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிறுவனத்தில் அன்று வெட்கப்பட்டவர் அவர் ஒருவரே.

அடுத்த இருக்கையிலிருந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர், தம் மடிக்கணினியை விரிக்க இடமில்லாமல் மார்போடு அணைத்தபடி எங்களிடம் சொன்னார்: "நான் பிசினஸுங்க. அண்ணன் முதல் வகுப்பு. பின்னாடி அந்தம்மா எகானமி பிளஸ். மூணு பேர் முட்டியும் ஒரே இடத்துலதான் இடிக்குது." தங்கள் அலுவலகம் இதுவரை கண்டுபிடிக்காததை அவர் நான்கு வாக்கியங்களில் கண்டுபிடித்துவிட்டார் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

இறங்கினோம். நிறுவனம் வாக்குத் தவறவில்லை. முதல் வகுப்புப் பயணி முதலில் ஏறினார். முதலில் இறங்கவும் செய்தார்.

5. அடுத்த ரயில் பத்தேகாலுக்கு. ஒன்றரை மணிக்கு நாங்கள் ஹிரோஷிமாவைக்கூடத் தாண்டவில்லை. ரியோக்கோ அழைத்தார். என் கணவர் எழுந்து பெட்டிகளுக்கு இடையிலுள்ள கதவோரம் போய், கம்பியைப் பிடித்தபடி பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். "மாமா, அடுத்த குடும்பம் வெளிய காத்திருக்காங்களாம். இதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதுன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ண?" என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது. "நீ எடும்மா. என் பங்கையும் சேர்த்து நீயே எடு" என்றார் இவர். அதன்பின் தொலைபேசியை அணைக்காமல் காதில் வைத்துக்கொண்டே நின்றார். எலும்பு கலயத்தில் விழும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து இணைப்பு அறுந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. கலயத்தை வெள்ளைத் துணியில் முடிந்து, வீட்டில் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். என் கணவர் காலை நீட்டி அதன் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஊதுவத்தி ஏற்றினார். "முதல் வகுப்புல வந்தேன்க்கா. அதான் லேட்டு" என்றார். அங்கிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார்.

6. நிறுவனத்துக்கு எழுதினேன். பார்வையில் கண்ட கடிதம் வந்தது. அதன்படி, மேற்படி பெயர்கள் இருக்கைகளைக் குறிப்பவை அல்ல. "பயண அனுபவங்களை"க் குறிப்பவை. முதல் வகுப்பு என்றால் முதலில் ஏறும் உரிமை. பிசினஸ் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை. பிரீமியம் என்றால் கூடுதலாக ஒரு பெட்டியும் ஒரு குவளைப் பச்சைத் தேநீரும். எகானமி பிளஸ் என்றால் இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பிளஸ் என்பது எதனோடு கூட்டப்பட்டது என்று கடிதம் தெரிவிக்கவில்லை. வெறும் எகானமி என்று ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை. கீழே யாருமே இல்லாமல் எல்லாரும் மேல் வகுப்பில் பறக்கும் இச்சாதனைக்காக அந்நிறுவனத்தை எவராவது பாராட்டியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. இல்லையெனில் நான் பாராட்டுகிறேன்.

தொலைபேசியில் கிடைத்த ஆலோசனை பற்றியும் கேட்டிருந்தேன். "எங்கள் ஊழியர் கூறியதில் தவறில்லை. முதல் வகுப்புக்கு மேல் எங்களிடம் வேறு வகுப்பு இல்லை" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டவரிடம், இதைவிட ஆழமான கிணறு எங்களிடம் இல்லை என்று சொல்வது எப்படிப்பட்ட உண்மையோ, அப்படிப்பட்ட உண்மை இது.

கடிதத்துடன் ஒரு சலுகைச் சீட்டும் வந்தது: எங்களின் அடுத்த பயணத்தில் முதல் வகுப்புக்கு இலவசமாக உயர்த்தப்படுவோமாம். அதன் அசலை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் அலுவலகத்தில் எவருக்கேனும் உயர வேண்டியிருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

7. "போன அக்கா திரும்பி வரப்போறதில்ல, விட்டுத் தொல" என்று என் கணவர் சொல்கிறார். அவர் சொல்வது சரி. அதனால்தான் நான் மன்னிப்போ இழப்பீடோ கேட்கவில்லை. இரண்டே கோரிக்கைகள்.

(அ) முன்பதிவுப் பக்கத்தில், வகுப்புப் பெயர்களுக்கு மேலே, அதே அளவு எழுத்தில் இந்த வாக்கியத்தைச் சேர்க்க ஆணையிட வேண்டும்: "எல்லா இருக்கைகளும் ஒரே அளவு." நான்கே சொற்கள். பலகை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், இடம் போதும்.

(ஆ) நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு பேருந்தின் பலகையில் "மாநகர ஆஸ்பத்திரி" என்று எழுதினேன். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாது. இரண்டு தெரு தள்ளி நிற்கும். மேலாளர் என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு ஒரு நாள் அந்த ஸ்டாப்புல போய் நில்லும்மா" என்றார், அவ்வளவுதான். நின்றேன். மழைநாள். ஊன்றுகோலோடும், வயிற்றில் பிள்ளையோடும், கட்டுப்போட்ட கண்ணோடும் இறங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரி எங்கே என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் கை நீட்டித் தூரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் நானே போய் அந்தப் பலகையைக் கழற்றினேன்.

ஆகவே, குரோஷியோ வான்வழியில் "முதல் வகுப்பு" என்ற பெயரை உருவாக்கியவர் எவரோ, அவரை மாட்சுயாமா விமான நிலையத்தில் அந்த விமானத்தின் வாசலில் ஒரே ஒரு நாள் நிற்க வைக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு மடங்காத காலோடு ஒருவர் வருவாரா என்று என்னால் உறுதி கூற முடியாது. எழுதியிருப்பதை நம்பி வருகிறவர்கள் கட்டாயம் வருவார்கள். அவர்கள் முகத்தை அவர் பார்க்கட்டும், அது போதும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) இசோமுரா தொகிக்கோ

இடம்: மாட்சுயாமா
நாள்: நவம்பர் 6

இணைப்பு: 1. பயணச்சீட்டு நகல்கள் (2). 2. நிறுவனத்தின் கடித நகல். 3. சலுகைச் சீட்டு – அசல், பயன்படுத்தப்படாதது.