கரைவது எது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறு! அப்பாவை மாரடைப்பு கொண்டுபோனபோது அவருக்கு நாற்பத்தொன்று. உனக்கு இப்போது நாற்பது. விடமாட்டேன்.

எங்கள் நூலகத்துக்கு எதிரே மூலிகைக் கடை இருக்கிறது. சிவப்பு அரிசியைப் புளிக்கவைத்து அரைத்த பொடி வாங்கி அனுப்பியிருக்கிறேன். காலையும் இரவும் ஒரு கரண்டி. டாக்டர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. அப்படி நிறுத்திப் படுக்கையில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே சாப்பிடு. மூலிகைதானே, கெடுதல் செய்யாது.

நீ கிரேன் ஓட்டும் சுரங்கத்தில் செல்போன் சிக்னல் எடுத்தால் போனிலேயே அதட்டியிருப்பேன். கடிதம் அனுப்ப, வாரம் ஒருமுறை அங்கே போய்வரும் சரக்கு வண்டியை நம்ப வேண்டியிருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 24

அக்கா,

தாயே, கும்பிட்டுக்கறேன்! ரெண்டு வேளையும் முழுங்கறேன். மண்ணு மாதிரி இருக்கு.

தொடை, தோள் எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. கிரேன் ஏணியில பாதியில நின்னு மூச்சு வாங்கறேன். ரூம்ல இருக்கற வெல்டர், "என்ன பெருசு, கல்யாணம் ஆகாமலே கிழவனாயிட்டே?"ங்கறான். கொழுப்பு கரையுதுடான்னேன். சரிதானே?

தம்பி

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

கடைக்காரரிடம் கேட்டேன். "கரையும்போது வலிக்கத்தானேம்மா செய்யும்" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்.

கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? வண்டிக்காரர் அவசரப்படுத்தினாரா?

உன் அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

பேனா பிடிக்க முடியலை. நான் சொல்லச் சொல்ல வெல்டர் எழுதறான். ஒண்ணுக்கு பால் ஊத்தாத டீ நிறத்துல போகுது. இவன் பயந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கறான். "எங்க அக்கா படிச்சவடா, கெட்டதெல்லாம் வெளியே போகுது"ன்னு நான்தான் அடக்கி வெச்சிருக்கேன்.

பொடி தீரப்போகுது. இன்னொரு பொட்டலம் அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 28

தம்பி,

உன் கடிதத்தை இன்று காலை மருந்துக் கடையில் காட்டினேன். மருந்தாளுநர் பாதி படிக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சிவப்பு அரிசி உன் மாத்திரைக்கு உடன்பிறப்பாம். இரண்டும் ஒரே மருந்து. கரைந்தது கொழுப்பில்லையடா, உன் தசை. அது சிறுநீரகத்தில் போய் அடைக்குமாம். பொடியை மட்டும் கொடுத்திருந்தாலும் இவ்வளவு ஆகியிருக்காது. சேர்த்துச் சாப்பிடச் சொன்னது நான். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் நான்.

சுரங்க அலுவலகத் தொலைபேசியில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதனால் சரக்கு வண்டியிலேயே ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன். நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இப்போதுதான் டிரைவர், "யாரைப் பார்க்கப் போறீங்கம்மா?" என்று கேட்டார். கிரேன் ஓட்டுகிறவரின் அக்கா என்றேன்.

அவர் ரேடியோவை அணைத்தார். வண்டியை மெதுவாக ஓரம் கட்டுகிறார்.