சித்தப்பா மிதித்த பல்புகள்

பாப்பா,

சித்தப்பா மிதித்து நொறுக்கிய பல்புகளைப் பெருக்கிவிட்டேன். ஆனாலும் வெறுங்காலோடு நடக்காதே. நாளை நீ நடத்தும் பயிற்சிப் பாடத்துக்குப் புது பல்பும் ஒயரும் மேசைமேல் இருக்கின்றன. பேட்டரியை என் டார்ச்சிலிருந்து கழற்றி வைத்தேன். இன்று இருட்டிலேயே காவல் சுற்றிக்கொள்வேன்.

"டீச்சராகி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று உன்னை அறைந்த சித்தப்பாவின் பல்லை உடைத்ததற்கு எனக்கு வருத்தமில்லை. "உனக்கும் அவருக்கும் என்னண்ணா வித்தியாசம்?" என்று நீ கேட்டாயே, அதுதான் குடைகிறது.

அவர் வந்தால் கதவைத் திறக்காதே. சோறு மூடியிருக்கிறது.

பி.கு.: போன பாடத்தில் எல்லாவற்றையும் நீயே செய்தாய், பிள்ளைகள் வேடிக்கைதான் பார்த்தார்கள் என்று புலம்பினாய். இந்த முறை பல்பை அவர்கள் கையில் கொடு. உடைத்தால் கை ஓங்கிவிடாதே. உன் கையும் நம் வீட்டுக் கைதான்.

அண்ணன்