கடைசிச் சீட்டு

மகளின் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடம் வந்துவிட்டது. நேற்று அதைத் திறந்தவுடன் எனக்கு அழுகை வந்தது. "கணக்குக்கெல்லாமா அழுவாங்க?" என்று அவள் சிரிக்கிறாள். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உன்னை அவளுக்கு எப்படிச் சொல்ல?

பத்தாம் வகுப்பில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. அந்த வருடம் ஊர் கூடிப் பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுத்தான் முடிவு செய்யும். என் நைனா, அவசரம் என்று வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசியாக மிஞ்சிய சீட்டை எடுத்தார். இறால் எட்டிக்கூடப் பார்க்காத இடம் வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், முகம் பார்க்க மாட்டேன்.

உன்னிடம்தான் புலம்பினேன். "முன்னாடி போறவங்க நல்லதை எடுத்துக்கினு போயிட்டா, கடைசி ஆளுக்கு இன்னா மிஞ்சும்?"

"முன்னாடி போறவன் இன்னா, பிரிச்சுப் பாத்துட்டா எடுக்கிறான்?" என்று எரிந்து விழுந்தாய்.

ரஃப் நோட்டைக் கிழித்துப் பத்துச் சீட்டு செய்தாய். ஒன்றில் மட்டும் இறால் படம். பார்க்க வண்டு மாதிரிதான் இருந்தது. டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, முதல் சீட்டு உனக்கு, நடுவில் எட்டை ஓரம் வைத்து, மிஞ்சிய ஒன்று எனக்கு. மூன்று மதிய இடைவேளை, நூறு தடவை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று எண்ணினோம். இறால் உனக்குப் பத்து தடவை வந்தது, எனக்குப் பதினொன்று. அப்போதும் நான் நம்பவில்லை. நீ ஏதோ கள்ளாட்டம் ஆடுகிறாய் என்றேன்.

"தோத்தது நானு, கள்ளாட்டமும் நானா?" என்று நோட்டை என் மடியில் எறிந்தாய். "போடி, போய் உங்க நைனாகிட்ட பேசு. அவரு இன்னா தப்பு பண்ணாரு?"

அன்று சாயங்காலம், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் முன்னால் நோட்டை நீட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவருக்கு அந்தக் கோடுகள் எதுவும் விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியா பாப்பா?"

"இல்ல நைனா" என்றேன். பதினோரு நாள் கழித்து, அவர் கேட்டதற்கு நான் சொன்ன முதல் பதில் அது.

பரீட்சையில் அதே பாடத்துக் கேள்வியை நான் தப்பாக எழுதிவிட்டு வந்ததை, என் கல்யாணப் பந்தலில்கூடச் சொல்லிச் சிரித்தாய். பதிலுக்கு நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, சொல்லவே இல்லை. நோட்டை நீட்டிய அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் நைனா மூன்று மாதம்தான் உயிரோடு இருந்தார். அந்த மூன்று மாதமும் நானும் அவரும் வலையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். அது நீ எனக்கு வாங்கிக் கொடுத்தது.